மூன்றில் ஒரு பங்கு

எடை மேடைக்கு வருகிறவனுக்கு வேண்டியது ஒரே ஒரு எண்தான். மொத்தம் எத்தனை டன். அது அனுமதிக்குள் இருந்தால் சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில் இருந்த ஒரு மேடையில் மட்டும் அது நடக்காது. அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா மொத்தத்தை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தபோது லாரியிலிருந்து டிரெய்லருக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரெய்லர் என்பது ஒரு வண்டி இல்லை, இரண்டு. முன்னால் எஞ்சினோடு இழுக்கிற வண்டி. பின்னால், முன்சக்கரமே இல்லாத நீளமான வண்டி. இழுக்கிற வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய வட்டமான இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். அதற்கு ஐந்தாவது சக்கரம் என்று பெயர். சக்கரமாவது ஒன்றாவது, வெறும் தட்டுதான். பின்வண்டியின் முன்பகுதிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கிங்பின் என்கிற இரும்பு முளை அந்தத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். இரண்டு வண்டிக்கும் உள்ள உறவு அந்த ஒரு முழ அகல இடத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்கு ஆலங்குளத்துப் பக்கமிருந்து கருங்கல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேடையில் ஏறி நின்றதும் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மொத்தம் சரிதான். கொஞ்சம் முன்னால எடுங்க தம்பி. பின்வண்டிச் சக்கரம் மட்டும் மேடையில நிக்கட்டும்."

"எதுக்குக்கா?"

"பங்கு பாக்கணும்."

"மொத்தம் சரின்னு சொல்லிட்டீயல்லா?"

"அம்பது பேருக்குச் சோறு வடிச்சு ஒரே இலையில கொட்டுனாலும் மொத்தம் சரியாத்தான் இருக்கும். முன்னால எடுங்க."

பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன. வேறு வழியில்லாமல் எடுத்தேன். அவர் எண்ணைப் பார்த்தார், ஒரு பென்சிலால் சீட்டின் பின்பக்கம் கழித்தல் கணக்குப் போட்டார், பிறகு சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. குரல் மட்டும் மூன்று ஆளுக்கு உண்டு.

"ஏத்துன பாரத்துல மூணுல ஒரு பங்கு தட்டுல உக்காரணும். ஒங்களுக்கு அஞ்சுல ஒண்ணுகூட இல்ல. கல்லு எல்லாம் வால்ல கெடக்கு."

"முதலாளியே ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்கு என்னக்கா?"

"மலை ஏறப் போறது முதலாளியா, நீங்களா? தட்டுல பாரம் இல்லன்னா இழுக்குத சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. ஏறையில சும்மா சுத்தும். எறங்கையில பின்னால உள்ளது வாலை ஆட்டும். அதுக்காவ எல்லாத்தையும் முன்னால கொண்டு தள்ளுனாலும் வம்புதான், இழுக்குத வண்டி அச்சு தாங்காது. அளவு வேணும்."

நான் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளை, அதுவும் ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத ஒருத்தி, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவதா என்று ஆங்காரம். சீட்டை வாங்கிக்கொண்டு போனேன். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில், நனைந்த சாலையில், லேசாகத்தான் பிரேக்கை மிதித்தேன். பக்கத்துக் கண்ணாடியில் என் பின்வண்டி எனக்குப் பக்கத்திலேயே வந்து எட்டிப் பார்த்தது. மூன்று விநாடிதான். அதற்குள் கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டுவிட்டேன். பிறகு அதுவாக நேரானது.

திரும்பி வரும்போது மேடையில் வண்டியை நிறுத்தி அவரிடம் போய்ச் சொன்னேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "எந்த வளைவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளையடித்து வருடக்கணக்கானது. அதில் வழக்கமாக வருகிற வண்டிகளின் வெற்றெடை, இழுக்கிற வண்டிக்குத் தனியாக, பின்வண்டிக்குத் தனியாக, எழுதியிருக்கும். எந்த வளைவில் யாருடைய வண்டி எப்படி நடந்துகொண்டது, அன்றைக்கு என்ன சரக்கு, எங்கே அடுக்கியிருந்தார்கள் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். மேடை முதலாளி ஒருமுறை வெள்ளையடிக்க ஆளை அனுப்பியபோது, அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லி அக்கா மல்லுக்கு நின்றார். அந்த மூன்று சுவர் பளிச்சென்றும் ஒரு சுவர் அழுக்காகவும் இருந்த அறையைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

டிரைவர்கள் மத்தியில் அவருக்குப் 'பங்கு அக்கா' என்று பெயர். அவருடைய கணவர் இந்த மலையில்தான் லோடு சரிந்து செத்துப்போனார், அதனால்தான் இப்படி என்று ஒரு கதையும் உலவியது. நானும் நம்பினேன். ஒரு நாள் ரொம்பப் பக்குவமாக, வருத்தம் தொனிக்கிற குரலில் அந்தப் பேச்சை எடுத்தேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா இருக்கு கதை! எங்க வீட்டுக்காரரு இப்பம் வீட்ல பருப்பை வேக வச்சிட்டு இருப்பாரு. அரிசி மில்லுல வேலை பாக்காரு, இன்னைக்கு லீவு. ஏன் தம்பி, ஒரு பொம்பள ஒரு காரியத்த ஒழுங்காச் செஞ்சா அவ தாலியறுத்திருக்கணுமா?"

"பின்ன எப்படிக்கா இதுல எறங்குனீய?"

"ஒரு மழை நாள் வண்டியே வரல. ஒரு டிரெய்லர்க்காரன் ஒதுங்கி நின்னான். சும்மா இருக்கோமேன்னு அவன் வண்டியைத் துண்டு துண்டா நிறுத்துப் பாத்தேன். ஒரே மொத்தத்துக்குள்ள இத்தனை விதம் இருக்கான்னு ஆச்சரியமாப் போச்சு. பாத்த பொறவு பாக்காத மாரி இருக்க முடியலை. அவ்வளவுதான்."

இந்தப் புத்தி மேடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்திருக்கிறவர்களை இடம் மாற்றாமல் வண்டியை எடுக்க விட மாட்டார். "ஆச்சி, நீங்க இந்தப் பக்கம் வாங்க. மூடை வச்சிருக்கவரு அந்தப் பக்கம் போங்க." சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு இருப்பே கொள்ளாது. வெளியூர்க்காரர்கள் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய் தலையணை என்று ஒரு வீட்டையே வேனின் பின்பக்கத்தில் அடைத்துக்கொண்டு வருவார்கள். வேன் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, விளக்கு வெளிச்சம் மரத்து உச்சியில் அடிக்கும். அப்படி ஒரு வேன் மேடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றபோது, இவர் போய் அந்த டிரைவரோடு வாதாடி, அரிசி மூட்டையையும் அண்டாவையும் இரண்டு இருக்கைக்கு நடுவே நகர்த்த வைத்துவிட்டார். அந்த வீட்டுப் பெரியவர் கோபத்தில் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். அக்கா அந்த டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இதனாலெல்லாம் இல்லை. என் அப்பா இறந்தபோது எங்கள் ஊரான கடையத்துக்கு அக்கா வந்திருந்தார். பாடையைத் தூக்கப் போகிற நேரம். தலைப்பக்கம் ஒரு நெட்டையும் ஒரு குட்டையும், கால்பக்கமும் அப்படியே நின்றோம். நெட்டை இரண்டு பேரும் ஒரே ஓரத்தில். அதில் தலைப்பக்கம் நின்றவன் நான். பெண்கள் கூட்டத்திலிருந்து இவர் குரல் வந்தது.

"நெட்டை ரெண்டு பேரும் தலைப்பக்கம் வாங்க. இப்படித் தூக்குனா அய்யா ஒரு பக்கமாச் சரிஞ்சுக்கிட்டே போவாவ."

என் மைத்துனன் திரும்பி முறைத்தான். "பொம்பளையாளு இதுலயுமா வந்து பேசணும்?" என்றான். யாரும் நகரவில்லை. அக்கா இன்னொரு முறை சொல்லவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்த என் சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, என் எதிரில் நின்ற குட்டையானவரைத் தோளைப் பிடித்துக் கால்பக்கம் அனுப்பி, அங்கே நின்ற நெட்டையை என் எதிரில் நிறுத்தினார். தூக்கினோம். அப்பா தெருமுனை வரை ஒரு பக்கமும் சாயாமல் படுத்திருந்தார். வயதான காலத்தில் கீல்வாதத்தால் ஒருக்களித்தே படுத்துக் கிடந்தவர் அவர். அன்றைக்கு நான் அழுதது அதைப் பார்த்துத்தான்.

இவ்வளவையும் சொன்னது, அவருக்கு நான் செய்ததைச் சொல்வதற்காக.

மேடைக்கு ஒரு முதலாளி உண்டு. ஒவ்வொரு டிரெய்லரையும் மூன்று தடவை நிறுத்தினால் வரிசை சாலை வரை நீண்டுவிடுகிறது, வண்டிக்காரர்கள் அடுத்த மேடைக்குப் போய்விடுகிறார்கள் என்று அவருக்குக் குறை. இயந்திரம் அச்சடிக்கிற எண்ணைத் தவிர வேறு எதையும் சீட்டில் எழுதக் கூடாது என்று ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருந்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டேதான் இருந்தார். சீட்டின் பின்பக்கத்தில் 'பங்கு சரி' என்று அவர் பென்சிலில் எழுதித் தராமல் மலை ஏற எங்களில் பாதிப் பேருக்கு மனது வராது. அவருக்கு வேலை போனால் அந்த இரண்டு வார்த்தையால்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அது ஆடி மாதம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. என் வண்டியில் இரண்டு சரக்கு. செங்கோட்டையில் ஒரு கட்டடத்துக்குச் சிமெண்டு மூட்டை. மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்கு, சாக்கடைக்குப் பதிக்கிற பெரிய சிமெண்டுக் குழாய்கள். சாரல் காலத்தில் சிமெண்டை நனையாமல் கொண்டுபோக எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டைகளை முன்பலகையோடு ஒட்டி அடுக்கி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடுவோம். பின்சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் அங்கே வராது. முதலில் இறக்க வேண்டியது பின்னால் இருக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் மழைக்குப் பயந்து அதை நாங்கள் மாற்றிவிடுவோம். குழாய்கள் பின்னால் இருந்தன.

என்னோடு கிளீனர் மாடசாமி இருந்தார். கிளீனர் என்றால் சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். ஐம்பது வயதுக்காரர், எனக்குத் தூரத்து உறவில் மாமா முறை. டிரைவராக இருந்தவர். கண் மங்கியதால் ஸ்டியரிங்கை விட்டு இந்தப் பக்கத்து இருக்கைக்கு வந்தவர்.

மறுநாள் காலையில் என் மகளுக்குத் திருநெல்வேலியில் கல்லூரிச் சேர்க்கை. நானும் போயாக வேண்டும். புனலூரில் இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று கணக்கு. மேடையில் அக்கா மூன்று முறை நிறுத்தினார். வெளியே வந்து தார்ப்பாயையும் குழாய்களையும் பார்த்தார்.

"இப்பம் பங்கு சரியாத்தான் இருக்கு. செங்கோட்டையில எதை எறக்குதீய?"

எனக்கு அந்தக் கேள்வியின் நோக்கம் புரிந்துவிட்டது. சிமெண்டு என்று சொன்னால், குழாய்களை முன்னால் நகர்த்தாமல் மலை ஏறாதே என்பார். குழாயை நகர்த்தக் கிரேன் வேண்டும். செங்கோட்டையில் கிரேன் எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்.

"குழாயைத்தான்க்கா," என்றேன்.

"நல்லது. சிமெண்டு முன்னால கெடக்கட்டும். அப்ப பயமில்ல." சீட்டைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் 'பங்கு சரி' என்று எழுதினார். எழுதிவிட்டு, "பாப்பாவுக்கு நாளைக்கு அட்மிஷன்லா? நல்லபடியா முடியட்டும்," என்றார்.

செங்கோட்டையில் சிமெண்டை இறக்கினோம். கிரேன் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். மாடசாமி மாமா, "இருந்து நகட்டிட்டுப் போவமா மாப்ள?" என்றார். "இத்தன வருசமா ஏறுத மலைதான மாமா," என்றேன். அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

புளியரை தாண்டி இரண்டாவது வளைவில் அது தெரிந்தது. முதலில் ஸ்டியரிங் இலேசாகிவிட்டது. பிறகு இழுக்கிற சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ரப்பர் கருகுகிற வாடை. ஆக்ஸிலேட்டரை விட்டேன், பிரேக் போட்டேன். வண்டி நிற்கவில்லை. பின்னோக்கி, மெதுவாக, ரொம்ப மெதுவாக, நனைந்த சாலையில் வழுக்கத் தொடங்கியது. பின்வண்டி ஒரு பக்கமாக மடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு பஸ். நிறைய ஆட்கள். அந்த டிரைவர் கையை வெளியே நீட்டி என்னமோ கத்துகிறார். அவருக்குப் பின்னால் கார்கள், அவரால் நகர முடியாது.

மாமா எப்போது குதித்தார் என்று எனக்குத் தெரியாது. மரக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி, சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். ஈரத்தில் கட்டை வழுக்கியது. இன்னொரு முறை, கையால் பிடித்து அழுத்தி வைத்தார். வண்டி நின்றது. பஸ்ஸுக்கும் என் பின்வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. கட்டைக்கும் டயருக்கும் நடுவே மாமாவின் வலது கை இருந்தது.

கட்டைவிரல் மட்டும்தான் தப்பியது.

மறுநாள் காவல் நிலையத்தில் வண்டி முதலாளி, மேடை முதலாளி, நான், அக்கா நான்கு பேரும் நின்றோம். மாமா ஆஸ்பத்திரியில். என் மகள் கல்லூரிக்குத் தன் அம்மாவோடு போயிருந்தாள். இன்ஸ்பெக்டர் என் சட்டைப்பையிலிருந்து எடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பங்கு சரி' என்ற எழுத்து ஈரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

"இது யாரு எழுதுனது?"

"நாந்தான் சார்," என்றார் அக்கா. "செங்கோட்டையில எதை எறக்குதீயன்னு கேட்டேன். அவுக சொன்னதை வச்சு எழுதுனேன். லோடு சீட்டை வாங்கிப் பாத்திருக்கணும், பாக்கலை. அது என் தப்பு."

அவர் அப்படித்தான் பேசினார். என் பங்கை என்னிடம் விட்டுவிட்டு, தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார்.

"அப்படிக் கேட்டாங்களா? நீ என்ன சொன்ன?"

வண்டி முதலாளி என் பக்கத்தில் நின்றார். லைசென்ஸ் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. மகள் அந்த நேரத்தில் கல்லூரி வாசலில் நின்றிருப்பாள். இதெல்லாம் காரணம் என்று இப்போது அடுக்கலாம். அப்போது எதையும் யோசித்ததாக நினைவில்லை. வாய் தானாகவே சொன்னது.

"கேட்ட மாரி ஞாபகம் இல்ல சார். அவங்க சரின்னு எழுதிக் குடுத்தாங்க. நம்பிப் போனேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வண்டியை மேடையில் ஏற்றி எண் நிலைக்கும் வரை காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. அவரும் மறுத்துப் பேசவில்லை.

மேடை முதலாளிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. எழுதாதே என்றேன், எழுதினாய், இப்போது என் மேடை பேர் கெட்டுவிட்டது என்று அந்த வாசலிலேயே வேலையை விட்டு நிறுத்தினார். எனக்கு ஒரு எச்சரிக்கையோடு போனது. அடுத்த வாரம் மேடையைக் கடந்தபோது நான்கு சுவரும் வெள்ளையாக இருந்தன. புதிதாக வந்த ஆள் ஒரே முறை நிறுத்திச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மாமாவைப் பார்க்கக் கடையத்துக்கு மாதம் ஒரு தடவை போவேன். தட்டில் சோறு போட்டு, கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஸ்பூனைச் செருகிக்கொண்டு சாப்பிடுவார். இரண்டு வருடமாக அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. போன சீசனில் ஒரு நாள் நானாகவே ஆரம்பித்தேன். "மாமா, அன்னைக்கு மேடையில…" என்றேன்.

"நீ குழாய்ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றார். "பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"நீங்க யாருகிட்டயும் சொல்லலையே."

"ஒனக்குப் பொம்பளப்பிள்ள படிக்குது. எனக்குக் கை போயிட்டு, இனி ஒன் பொழப்பும் போவணுமா? ஆனா மாப்ள, நான் வாயை மூடுனதுல அந்த அம்மா வேலை போச்சு. அது எனக்கு உறக்கத்தக் கெடுக்குது. நீ போயி அவகளப் பாரு."

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி தேய்க்கிற வேலையில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு மத்தியானம் போனேன். அருவியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு கொட்டிய நாள். தெருவெல்லாம் எண்ணெய் வாடை, ஈரத் துண்டு, கூட்டம். லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை. சீசனில் வெயில் கிடையாது. போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் தேய்த்தே காய வைக்க வேண்டும். ஆவிக்கு நடுவே அக்கா நின்றிருந்தார். அதே மாதிரி ஒரு ஆம்பிளைச் சட்டை. தலை நன்றாக நரைத்துவிட்டது.

"வாங்க தம்பி," என்றார். பழைய குரல்தான். "பாப்பா படிப்பு எப்படிப் போவுது?"

"மூணாவது வருசம்க்கா."

"அண்ணாச்சிக்குக் கை?"

"ஸ்பூன்ல சாப்பிடுதாக."

"எடது கையால எழுதிப் பழகச் சொல்லுங்க. கையெழுத்துப் போட ஆவும்." தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போர்வையை மடித்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொன்னேன். ஸ்டேஷனில் ஞாபகம் இருந்தும் இல்லை என்றேன் என்று சொன்னேன். அப்பாவின் பாடையைப் பற்றிக்கூடச் சொன்னேன், எதற்கென்று தெரியவில்லை. கடைசியில், "நான் சொல்லியிருக்கணும்க்கா," என்றேன்.

'போனது போகட்டும் விடுங்க' என்பார் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால் அதைக் கேட்கத்தான் போனேன்.

"ஆமா, சொல்லியிருக்கணும்," என்றார்.

அடுத்த போர்வையை எடுத்து விரித்தார். தண்ணீர் தெளித்தார். இரண்டு பக்கமும் தேய்த்து முடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கிட்ட வந்து சொல்லுதீய. எனக்குத்தான் இது தெரியுமே தம்பி. தெரியாதது மொதலாளிக்கும் ஸ்டேஷனுக்கும்தான். அங்கன சொன்னீயளா?"

"இல்லக்கா."

"அங்கன சொல்லுங்க. எனக்கு அந்த வேலை திரும்பி வரும்னு கேக்கலை. வராது. அந்தம்மா சொல்லித்தான் ஒரு ஆளுக்குக் கை போச்சுன்னு மலைப்பாதை முழுக்கப் பேசுதாங்க. எம்மவனுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துலயும் அதைச் சொல்லிட்டாங்க. அதை நீங்க ஒருத்தருதான் மாத்த முடியும்."

"சொல்லுதேன்க்கா," என்றேன்.

"சரி. டீ குடிக்கீயளா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேடை முதலாளியின் வீடு ஆலங்குளத்தில், பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. நீல வாசல்கதவு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு இரண்டு நடை நான் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் லோடு ஏற்றப் போகிறேன். இப்போதெல்லாம் எங்கே எதை இறக்கினாலும் இறங்கிப் பார்த்து, தட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வருகிற மாதிரி சரக்கை நகர்த்திவிட்டுத்தான் மலை ஏறுகிறேன். கிரேனுக்காக அரை நாள்கூடக் காத்திருக்கிறேன். அந்தத் தெருவுக்குள் மட்டும் இன்னும் வண்டியைத் திருப்பவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டு வந்து பதினோரு மாதம் ஆகிறது.